கழுத்து வலிக்கும் பாரிசவாதத்துக்கும் நடுவில் சில நாட்கள்

போகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு 34 வயது. கொழுந்து எடுக்கிறவர், இரண்டு பிள்ளைகளின் தாய். ஒரு வாரமாக வலது பக்கப் பிடரியில் வலி இருந்திருக்கிறது. சுளுக்கு என்று நினைத்து, தோட்டத்தில் சுளுக்கு எடுக்கிற பெரியவரிடம் போயிருக்கிறார். அவர் எண்ணெய் போட்டு நீவி, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி விட்டிருக்கிறார். மறுநாள் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, கிளம்பும்போது அக்கா தலை சுற்றி விழுந்துவிட்டார். வாந்தி, நிற்காத விக்கல், கம்மிப்போன குரல், ஒரு வாய்த் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. லயத்தில் (தோட்டத்துத் தொடர் வீடுகளில்) சிலர் பித்தம் என்றார்கள், சிலர் காற்றுச் சேட்டை என்றார்கள். கண்டிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்த பிறகுதான், கழுத்திலுள்ள இரத்தக் குழாய் உள்ளே கிழிந்து பாரிசவாதம் வந்திருக்கிறது என்று சொன்னார்களாம். "இந்த வயதில் எப்படி? கூடை தூக்கியதாலா, பெரியவர் திருப்பியதாலா? மறுபடியும் வருமா? அக்கா இனி மலைக்குப் போகலாமா?" இவைதான் தம்பியின் கேள்விகள்.

நான் லயத்தில் பிறந்து, மலையக ஆஸ்பத்திரிகளின் வாட்டுகளில் பல வருடம் வேலை பார்த்த டொக்டர். உங்கள் அக்காவை நான் பார்க்கவில்லை. அதனால் அவரைப் பார்க்கிற டொக்டர் சொல்வதுதான் முதல் வார்த்தை. நான் சொல்வது அதைப் புரிந்துகொள்ள உதவும். அதோடு, உங்கள் கடிதத்தில் "ஒரு வாரமாக வலி" என்ற மூன்று சொற்கள் என்னை உறுத்துகின்றன. அதைப் பற்றியும் எழுத வேண்டும்.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய்கள் கழுத்தில் நான்கு. முன்பக்கம் இரண்டு: தாடைக்குக் கீழே விரல் வைத்தால் துடிக்கிறதே, அதுதான் கரோட்டிட். பின்பக்கம் இரண்டு: அவை வெர்டிப்ரல் குழாய்கள், கைக்கு எட்டாது. கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் ஓட்டைகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு ஆறாவது கழுத்தெலும்பில் நுழைகிற இந்தக் குழாய், எலும்பு எலும்பாக அந்த ஓட்டைகள் வழியே மேலே ஏறும். மண்டைக்குள் போவதற்குச் சற்று முன்னால், உச்சியிலுள்ள முதல் எலும்பைச் சுற்றிக் கொண்டை ஊசி வளைவு மாதிரி வளைந்து போகும். நாம் கழுத்தைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழ பாதி, முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. அதனால் அந்த வளைவில் குழாய் இழுபடுகிறது. பின்பக்கக் கிழிவுகள் அதிகமாக வருவதும் அங்கேதான்.

இரத்தக் குழாயின் சுவர் ஒரே தோல் அல்ல, மூன்று படை. ஊற்றிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவர நாம் போடுகிற கறுப்புக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய உறை இருந்து, அதில் ஒரு கீறல் விழுந்தால் என்ன ஆகும்? தண்ணீர் அந்தக் கீறல் வழியாக உறைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் புகுந்து, உறையை உள்பக்கமாகத் தள்ளும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, ஆனால் உள்வழி குறுகிப்போகும். கழுத்துக் குழாயில் நடப்பதும் அதுதான். சில சமயம் உள்தோல் கிழியாமலே, சுவருக்குள் ஓடும் நுண்ணிய குழாய் கசிந்தும் இப்படி ஆகலாம். டொக்டர்கள் இதை டிசெக்‌ஷன் என்பார்கள்.

வழி குறுகுவதைவிட ஆபத்தானது வேறொன்று. காயம் பட்ட இடத்தில் இரத்தம் உறையும். கையில் கவ்வாத்துக் கத்தி பட்டால் இரத்தம் உறைந்து நிற்பது நமக்கு நல்லது. குழாயின் உள்ளே அதே வேலை நடக்கும்போது, உறைந்த துணுக்கு ஒன்று பிய்ந்து இரத்தத்தோடு மேலே போய் மூளையின் சிறிய குழாய் ஒன்றை அடைத்துவிடும். இந்தப் பாரிசவாதங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் வருகின்றன. கிழிவு ஒரு நாள், உறைவு சில நாள், அடைப்பு இன்னொரு நாள். அக்காவின் அந்த ஒரு வாரம் அநேகமாக இதுதான்.

(மண்டை ஓட்டுக்குள் இருக்கிற குழாயிலும் கிழிவு வரலாம். அங்கே வெளிப்படை மெல்லியது என்பதால் வெடித்து மூளையைச் சுற்றி இரத்தம் கசியும் பயம் உண்டு. அதற்கு வைத்தியமும் வேறு. அக்காவுக்குக் கழுத்தில்தான் என்று சொல்லியிருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.)

இனி வயது. நம் ஆட்களுக்குப் பாரிசவாதம் என்றால் பிரஷர், சீனி, கொழுப்பு, அறுபது வயது. அந்தக் கணக்கு பொதுவாகச் சரிதான். ஆனால் இந்தக் கிழிவு அந்தக் கணக்கில் வராது. எல்லா அடைப்புவகைப் பாரிசவாதங்களையும் எடுத்தால் இது 100க்கு 2 தான். ஐம்பது வயதுக்குக் கீழே மட்டும் எடுத்தால் 100க்கு 20, 25 வரை போகும். வருகிறவர்களின் சராசரி வயது 45 சுற்றி. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்து ஆட்களை வருடக்கணக்காகக் கணக்கெடுத்ததில், வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் 2.6 பேருக்கு இது கண்டுபிடிக்கப்பட்டது. 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தில் 7 லட்சத்துக்குச் சற்று அதிகமான ஆட்கள். அதே விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் வருடத்துக்கு 18, 19 பேர். நம் வாட்டுகளில் அத்தனை பேரை இந்தப் பெயரோடு நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் சுளுக்கு, பித்தம், ஒற்றைத் தலைவலி என்ற பெயர்களில் வந்து போயிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இது புதிதாக முளைத்த வியாதியும் இல்லை. குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் எடுக்கிற வசதி பரவும் வரை, இறந்த பிறகு அறுத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. உயிரோடிருப்பவர்களிடம் இதை எப்படி அடையாளம் காண்பது என்று மில்லர் ஃபிஷரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1978இல் எழுதிய பிறகுதான் உலகமே கவனிக்கத் தொடங்கியது.

ஏன் சிலருக்கு மட்டும் வருகிறது? ஒரே காரணம் கிடையாது. குழாய்ச் சுவர் பிறவியிலேயே கொஞ்சம் பலவீனமாக இருப்பது ஒரு பக்கம், அதன் மேல் ஒரு சின்ன இழுப்போ அதிர்ச்சியோ விழுவது இன்னொரு பக்கம். ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து செய்த பெரிய ஆய்வில், கிழிவு வந்தவர்களில் 10 பேரில் 4 பேர், அதற்கு முந்தின ஒரு மாதத்துக்குள் கழுத்தில் ஏதோ ஒன்று நடந்ததாகச் சொன்னார்கள். அதில் பெரும்பாலானவை பெரிய விபத்து அல்ல. பாரம் தூக்கியது, கழுத்தைச் சடாரென்று திருப்பியது, விளையாட்டில் ஒரு இடி, இப்படித்தான். மற்ற 6 பேருக்கு எதுவும் ஞாபகத்தில் இல்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குச் சந்தர்ப்பம் ஏறத்தாழ இரட்டிப்பு. பிரஷர் உள்ளவர்களுக்கும் கூடுதல். காய்ச்சல், இருமல் வந்து போன வாரங்களிலும், பிள்ளை பெற்ற பிறகான வாரங்களிலும் கொஞ்சம் அதிகம். கொழுப்பும் உடம்புப் பருமனும் இதற்குக் காரணமாக நிற்பதில்லை. இது வந்தவர்கள் மற்றப் பாரிசவாதக்காரர்களைவிட மெலிந்தவர்களாகவே இருக்கிறார்கள். ஆகவே "ஒல்லியான பிள்ளைக்கு எப்படி வாதம்" என்ற கேள்வி இங்கே பொருந்தாது.

குடும்பத்தில் யாராவது இளவயதில் பெரிய இரத்தக் குழாய் வெடித்து இறந்திருந்தாலோ, அக்காவுக்குத் தட்டினாலே கன்றிப்போகும் மெல்லிய தோல் இருந்தாலோ, அதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். இணைப்புத் திசுவின் பரம்பரைக் கோளாறு அபூர்வமாக இதற்குப் பின்னால் இருக்கும். தெரிந்தால் வீட்டில் மற்றவர்களையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது என்னை உறுத்தியதற்கு வருகிறேன்.

வேலை தொடங்கிய காலத்தில், வெளிநோயாளர் பகுதியில் ஒரு நாள் நான் இருந்தேன். முப்பது வயதைத் தொடாத ஒரு பையன் வந்தான். கவ்வாத்து வெட்டுகிறவன். இடது பக்கக் கழுத்து, தாடை, கண்ணுக்கு மேலே எல்லாம் வலி என்றான். "காதுக்குள்ள பீலியில தண்ணி விழுற மாதிரி சத்தம் கேக்குதுங்க, நாடி துடிக்கிற கணக்குல" என்றான். அந்த வாசகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு வரிசையில் நூறு பேருக்கு மேல். காதைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். பரசிட்டமோலும் தடவுகிற மருந்தும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவனுடைய இடது கண் இமை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. தூக்கம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நாலாம் நாள் பேச்சில்லாமல், வலது கை கால் விழுந்த நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவனுடைய அம்மா என்னை அடையாளம் கண்டு, "ஐயாகிட்டத்தானே காட்டுனோம்" என்று மட்டும் சொன்னார். நான் அந்த இமையைப் பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. அதனால்தான் இந்த அறிகுறிகளை எங்கே போனாலும் சொல்கிறேன்.

கரோட்டிட் குழாயின் சுவரை ஒட்டியபடி கண்ணுக்குப் போகிற மெல்லிய நரம்பு இழைகள் ஏறுகின்றன. குழாய்ச் சுவர் வீங்கினால் அவை நசுங்கும். அப்போது அந்தப் பக்கத்துக் கண் இமை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தாழும், கண்மணி மற்றதைவிடச் சிறுக்கும். இதை 1869இல் விவரித்த சுவிஸ் கண் மருத்துவரின் பெயரால் ஹோர்னர் அறிகுறி என்கிறோம். நல்ல வெயிலில் இரண்டு கண்மணியும் சிறுத்துவிடுவதால் வித்தியாசம் பிடிபடாது. மங்கல் வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும்: நல்ல கண்மணி விரியும், கெட்டது விரியாமல் நிற்கும். ஆகவே லயக் காம்பிராவின் அரை இருட்டு இதற்கு நல்ல இடம். சந்தேகமாக இருந்தால் தேசிய அடையாள அட்டையிலோ கல்யாணப் படத்திலோ உள்ள முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாங்களும் வாட்டில் அப்படித்தான் செய்வோம்.

பின்பக்கக் குழாய் கிழிந்தால் வலி பிடரியில், மண்டையின் பின்புறத்தில், ஒரு பக்கமாக இருக்கும். சாதாரணக் கழுத்துப் பிடிப்பைப் போலவே இருப்பதால் ஏமாற்றும். நான் எல்லோரிடமும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: "இந்த மாதிரி வலி இதுக்கு முன்னாடி வந்திருக்கா?" கிழிவு வந்தவர்கள் பலர் யோசிக்காமல் இல்லை என்பார்கள். "இது வேற மாதிரிங்க" என்பார்கள். இளவயதில், ஒரு பக்கமாக, இதுவரை அறியாத வகைக் கழுத்துவலியோ தலைவலியோ வந்து, அதோடு இமை தாழ்வு, காதுக்குள் நாடிச் சத்தம், ஒரு கண்ணில் சில நிமிடம் இருட்டு, தலைசுற்று, நடையில் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, நாக்கு ஒரு பக்கம் இழுப்பது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலி தொடங்கியதற்கும் பாரிசவாதத்துக்கும் இடைவெளி சில மணி நேரமாகவும் இருக்கலாம், சில நாட்களாகவும் இருக்கலாம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால், உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தொடங்கி, பாரிசவாதம் வராமலே பலரைக் காப்பாற்ற முடியும். பயந்துவிடவும் வேண்டாம். கழுத்துவலி வந்த ஆயிரம் பேரில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அது வெறும் தசைப்பிடிப்புதான். துணைக்கு ஒரு அறிகுறி சேர்ந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அக்காவுக்கு வந்த வகையை மூளைத்தண்டின் பக்கவாட்டு அடைப்பு என்பார்கள். 1895இல் இதை விளக்கிய வாலன்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரும் அதற்கு உண்டு. தலைசுற்று, வாந்தி, விக்கல், கம்மிய குரல், விழுங்க முடியாமை எல்லாமே அந்தச் சின்ன இடத்தின் வேலை. கை கால் விழாது, வாய் கோணாது. அதனால்தான் லயத்தில் பித்தம் என்றார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முகம், கை, பேச்சு ஆகிய மூன்றையும் பார் என்றுதான் சுவரொட்டிகளும் சொல்கின்றன. பின்மூளைப் பாரிசவாதம் அந்த மூன்றிலும் அகப்படாமல் போகலாம். சாதாரண சீ.டி. ஸ்கேனில்கூடத் தெரியாமல் போகும். குழாய்க்குள் மருந்து ஏற்றி எடுக்கும் படமோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் கிழிந்த சுவருக்குள் தேங்கிய இரத்தம் மூன்றாம் பிறை மாதிரி வெள்ளையாக வளைந்து தெரியும்.

சரி, பெரியவர். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தோட்டமே அவர் மேல் கோபமாக இருக்கிறது. கொஞ்சம் நிதானிக்கச் சொல்வேன். அக்காவுக்கு வலி வந்த பிறகுதான் அவரிடம் போனார். கிழிவு ஏற்கனவே இருந்து, அந்த வலிதான் அக்காவை அவரிடம் கொண்டுபோயிருக்கலாம். கழுத்தைத் திருப்பி வைத்தியம் செய்பவர்களைப் பற்றி உலகம் முழுக்க இதே விவாதம் நடந்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பின்பக்கக் குழாய்ப் பாரிசவாதம் வந்த 818 பேரை ஆராய்ந்து 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. இளவயதினரில், கழுத்தைத் திருப்புகிறவரிடம் போனவர்களுக்குப் பாரிசவாதம் எப்படி அதிகமாக வந்திருந்ததோ, சாதாரண டொக்டரிடம் போனவர்களுக்கும் அப்படியே அதிகமாக வந்திருந்தது. டொக்டர் கழுத்தைத் திருப்பவில்லை. ஆக, கிழிவின் வலிதான் இரண்டு பக்கமும் ஆட்களை அனுப்பியிருக்கிறது என்று அந்த ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

அதற்காகத் திருப்புவது பாதுகாப்பு என்று ஆகிவிடாது. கிழிந்த சுவரில் உறைந்து ஒட்டியிருக்கும் துணுக்கை, ஒரு சடார்த் திருப்பு பிய்த்து அனுப்பலாம். நல்ல குழாயையும் அபூர்வமாகக் கிழிக்கலாம். அக்காவுக்கு மறுநாளே வந்ததைப் பார்த்தால், திருப்பியது பங்கு வகித்திருக்கக் கூடும் என்று நினைக்கிறேன், ஆனால் அதை யாராலும் நிரூபிக்க முடியாது. என் நிலைப்பாடு ஒன்றுதான்: கழுத்தைச் சொடுக்கித் திருப்பவே கூடாது, யார் செய்தாலும். ஹட்டன் டவுனில் சலூனில் முடி வெட்டி முடித்த கையோடு தலையைப் பிடித்து "டக்" என்று நெட்டி முறிப்பார்களே, அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். எண்ணெய் போட்டுத் தோளையும் முதுகையும் நீவுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

கூடையைப் பற்றி. நெற்றிக்கு மேலே கயிற்றை மாட்டி, நாள் முழுக்கக் கழுத்தால் பாரம் இழுப்பது கழுத்தெலும்பைத் தேய்க்கும், தசையை இறுக்கும், அதை நம் அம்மாக்களிடம் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் தலைமுறை தலைமுறையாக லட்சக்கணக்கான பெண்கள் சுமந்த கூடை அது. இந்தக் கிழிவு லட்சத்தில் இரண்டு மூன்று பேருக்கு வருவது. ஆகவே கூடைதான் செய்தது என்று சொல்ல மாட்டேன். பாரம் தூக்குவது சின்னத் தூண்டுதல்களில் ஒன்று என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் கிழிந்த குழாய் ஆறும் வரை அந்தக் கயிறு தலைக்கு ஏறவே கூடாது. அதில் பேச்சுக்கு இடமில்லை.

இன்னொரு வீட்டில் இப்படி நடந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் நேரம் போவது பாதையில்தான். உறைவைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கழுத்துக் குழாய்க் கிழிவு என்பது அந்த ஊசிக்குத் தடை அல்ல. ஹட்டனிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணி நேரம். மேல் டிவிசனிலிருந்து ஹட்டனுக்கு வருவதே ஒரு பயணம். விடியட்டும், கொழுந்து லொறி வரட்டும், டிஸ்பென்சரி திறக்கட்டும் என்று காத்திருந்தால் நாலரை மணி நேரம் அங்கேயே முடிந்துவிடும். 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிறது, ஒரு சதமும் கட்ட வேண்டாம். லயம் வரை வண்டி ஏறாது என்றால் நோயாளியைப் படுக்க வைத்தபடி றோட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். "பாரிசவாதமாக இருக்கலாம்" என்ற சொல்லைப் போனிலேயே சொல்லுங்கள். சீ.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக முடியுமா என்று கேளுங்கள். ஆள் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதை ஒரு துண்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். சோடா, இஞ்சித் தண்ணீர், எலுமிச்சை எதுவும் வேண்டாம். விழுங்க முடியாதவருக்குக் கொடுத்தால் நேரே நெஞ்சுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் ஆகிவிடும். அஸ்பிரினும் வீட்டில் கொடுக்க வேண்டாம். அது அடைப்பா கசிவா என்று ஸ்கேன் சொன்ன பிறகுதான்.

அக்காவின் வைத்தியத்துக்கு வருவோம். பொதுவாக இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை மூன்று முதல் ஆறு மாதம். அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்றவை ஒரு வகை, வார்பரின் இன்னொரு வகை. எது மேல் என்று பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 250 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. மூன்று மாதத்தில் அஸ்பிரின் வகையில் 126 பேரில் 3 பேருக்கும், மற்ற வகையில் 124 பேரில் ஒருவருக்கும் பாரிசவாதம் வந்தது. அவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்து ஒன்று உயர்ந்தது என்று சொல்ல முடியாது. 2021இல் வந்த இன்னோர் ஆய்வும் அஸ்பிரின் போதும் என்று தீர்த்துச் சொல்லவில்லை. ஆகவே அக்காவுக்கு ஒன்று, பக்கத்துக் கட்டிலுக்கு இன்னொன்று என்றால் யாரோ தவறு செய்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். கிழிவின் இடத்தையும் உருவத்தையும் பார்த்துத்தான் டொக்டர் தேர்ந்தெடுப்பார். தோட்டத்து வாழ்க்கையைத் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன்: வார்பரின் என்றால் அடிக்கடி இரத்தம் குத்திப் பார்க்க வேண்டும். அதற்கு யார் கூட்டிப்போவது, பஸ் காசு, பேர் (நாள் சம்பளம்) போகிற நாட்கள் எல்லாவற்றையும் வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். தெரிந்தால் அதையும் வைத்து முடிவெடுப்பார்.

வார்பரின் குடிக்கும் காலத்தில் கீரையை நிறுத்த வேண்டாம், ஆனால் ஒரு வாரம் நிறைய, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று ஏற்றி இறக்கக் கூடாது. மூட்டுவலிக்கு, தலைவலிக்கு என்று பாமசியில் கேட்டு டைக்ளோபெனாக் வாங்கிக் குடிக்கக் கூடாது. இன்னொன்று, அக்காவின் வயதுக்கு முக்கியம்: வார்பரின் வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கும். நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே சொல்ல வேண்டும். இதை அக்காவிடம் நீங்கள் சொல்லக் கூச்சப்படலாம், குடும்பநல மிட்வைஃபிடம் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விசயத்தில் கண் வைத்திருங்கள். இந்த வகை அடைப்பில், வலது பக்கம் என்றால் வலது முகத்திலும் இடது கை காலிலும் சூடு, குளிர், வலி தெரியாமல் போகும். தொடுவது தெரியும், அதனால் மரத்துப் போகவில்லை என்று அக்காவே நினைப்பார். அப்புறம் ஒரு நாள் அடுப்பிலிருந்து கேத்தலை இடது கையால் இறக்குவார், உள்ளங்கை வெந்தபிறகும் பிடித்துக்கொண்டே நிற்பார். நான் அப்படி ஒரு கையைக் கட்டியிருக்கிறேன். வெந்நீரை எப்போதும் வலது கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். தேத்தண்ணீரை ஆற்றிக் கொடுங்கள். விழுங்குவதற்கு இப்போது மூக்கு வழியாகக் குழாய் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து அம்மா அழ வேண்டாம். பலருக்குச் சில வாரங்களில் விழுங்கல் திரும்புகிறது. குழாய் எடுத்த பிறகும் தண்ணீரைவிடக் கஞ்சிப் பதம்தான் முதலில் பாதுகாப்பு. நிமிர்ந்து உட்கார்ந்து, சின்ன வாயாக, பேசாமல் சாப்பிட வேண்டும்.

மறுபடி வருமா? பெரும்பாலும் வராது. முதல் மாதத்தில் இன்னொரு குழாய் கிழியும் சந்தர்ப்பம் 100க்கு 2 அளவில், அதற்குப் பிறகு வருடத்துக்கு 100க்கு 1. குறுகிய குழாய்களில் 10க்கு 9 தானாகவே திறந்துகொள்கின்றன, முழுக்க அடைபட்டவற்றில்கூட மூன்றில் இரண்டு திறக்கின்றன. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள். இந்த வியாதி வந்தவர்களில் நால்வரில் மூவர் தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கிற அளவுக்கு மீள்கிறார்கள்.

மலைக்குப் போவது, ஆறு மாதத்துக்கு முன்னால் வேண்டாம். மறு ஸ்கேன் எடுத்து, குழாய் ஆறிவிட்டது என்று டொக்டர் சொன்ன பிறகு மெதுவாகத் தொடங்கலாம். அப்போதும் தலையில் கயிறு மாட்டாமல். கிளினிக்கில் மருத்துவச் சான்றிதழ் கேட்கும்போது "இலகுவான வேலை" என்று மட்டும் எழுதினால் போதாது. "தலையாலும் கழுத்தாலும் பாரம் சுமக்கக் கூடாது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் இலகு வேலை என்றால் கொஞ்ச நாளில் கூடையைக் கொடுத்து அரைப்பேர் போட்டுவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். நாற்றுமேடை, பிள்ளைக் காம்பிரா இரண்டில் எங்கே இடம் இருக்கிறது என்று தோட்டத் தலைவரோடு போய் இப்போதே பேசி வைப்பது நல்லது.

அப்புறம், அந்தப் பெரியவரிடம் ஒரு நடை போய் வாருங்கள், தம்பி. சண்டைக்கு அல்ல. ஒரு தோட்டத்தில் கழுத்துவலி வந்தவர்கள் எங்களிடம் வருவதற்கு முன்னால் அவரிடம்தான் போகிறார்கள், அக்காவும் அப்படித்தான் போனார். கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். வருகிறவரைக் கதவுப் பக்கம் உட்கார வைக்காமல் உள்ளே மங்கலில் உட்கார வைத்து இரண்டு கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். இமை தாழ்ந்திருக்கிறதா, கண்மணி ஒன்று சிறுத்திருக்கிறதா, எழுந்து நேராக நாலு எட்டு நடக்க முடிகிறதா, காதுக்குள் சத்தம் கேட்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். ஒன்று இருந்தாலும் எண்ணெய்ப் போத்தலை மூடிவிட்டு 1990க்கு அடிக்கட்டும். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமென்றால், இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி அவர் சுவரில் ஒட்டிக் கொடுங்கள்.